தொட்டு எண்ணு

கரப்பான்பூச்சிக்கென்று ஒரு நாற்றம் உண்டு. வீட்டில் ஒன்றிரண்டு ஓடினால் தெரியாது. ஆறு டிரம் நிறைய, முட்டை அட்டைகளுக்கு நடுவே, ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி நெளிந்துகொண்டிருந்தால் தெரியும். காறல் எண்ணெயும் நனைந்த சாக்கும் சேர்ந்து புளித்த வாடை. மூக்கில் ஏறியது லேசில் இறங்காது. தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் முதல் வாய் அந்த வாடைக்குத்தான்.

டெட்டால் அக்காவுக்குப் பிழைப்பே அந்த அறையில்தான். பேர் வைத்தது கூட வேலை செய்கிறவர்கள். ஒரு நாளைக்கு முப்பது தடவை கை கழுவுவாள். குழாயைக் கழுவிவிட்டுக் கையைக் கழுவுவாள், கையைக் கழுவிவிட்டு மறுபடி குழாயைக் கழுவுவாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தும்மினால் இறங்கி அடுத்த பஸ் பிடிப்பாள். அப்பேர்ப்பட்டவளை எந்தத் தலையெழுத்து கரப்பான் டிரம்மிடம் கொண்டுவந்து விட்டது என்று கேட்டால், கூடப் பிறந்த தலையெழுத்துதான். தம்பி.

"லேப்ல வேலை இருக்கு, வர்றியாக்கா? வெள்ளைக் கோட்டு, ஏசி, கண்ணாடிக் குழாய். தூசு தும்பு இருக்காது" என்றான். சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வெள்ளைக் கோட்டு இருந்தது, ஏசி இருந்தது, கண்ணாடிக் குழாயும் இருந்தது. அங்கே தேள் இருப்பதையும், தேளுக்கும் பசிக்கும் என்பதையும் மட்டும்தான் படுபாவி சொல்லாமல் விட்டுவிட்டான்.

அது தேள் விஷம் எடுக்கும் இடம். அந்த விஷத்தை வைத்துத்தான் தேள் கொட்டினவர்களுக்கு ஊசி மருந்து தயாராகிறது. அறுபது பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்கு ஒரு சிவப்புத் தேள். இரண்டை ஒன்றாகப் போட்டால் விடிவதற்குள் ஒன்று மற்றதைத் தின்று தீர்த்துவிடும், அத்தனை பாசக்காரப் பிறவிகள். தம்பி இடுக்கியால் வாலைப் பிடித்து லேசாக மின்சாரம் காட்டுவான். கொடுக்கு நுனியில் ஒரு சொட்டு துளிர்க்கும். அதைக் குழாயில் ஏந்துவான். அக்கா கரப்பானைப் பிடித்துத் தீனி போடுவாள். சாயங்காலம் எண்ணுகிற வேலையும் அவளுடையது. அவள் சீக்கிரம் கிளம்பும் நாளில் மட்டும் தம்பி எண்ணுவான்.

எண்ணுவதற்கு ஒரு முறை இருந்தது. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஊதா விளக்கை அடித்தால் இருட்டில் தேள் பச்சையாக மின்னும். ஆனால் மின்னினால் மட்டும் போதாது. நீள இடுக்கியால் ஒவ்வொன்றையும் தொட வேண்டும். அது அசைந்த பிறகுதான் நோட்டில் டிக் போடலாம். அந்த இடத்தை நடத்திய மேடம் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியே வைத்திருந்தார்: 'தொட்டு எண்ணு.' ஏன் என்பதையும் முதல் நாளே சொன்னாராம். அக்கா அன்றைக்கு வாந்தியை அடக்கிக்கொண்டு நின்றதில் அது காதில் ஏறவில்லை.

அக்கா தொடமாட்டாள். இடுக்கி ஒரு முழ நீளம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனாலும் அதன் முனை தேளின் முதுகில் படும்போது ஒரு உயிருள்ள எதிர்ப்பு கைக்கு வந்து சேரும். அது போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. ஆகவே மின்னுகிறதா என்று தூர நின்றே பார்ப்பாள். மின்னினால் டிக். அறுபதும் ஐந்து நிமிஷத்தில் முடியும். மூன்று வருஷமாக ஒரு குறையும் வரவில்லை. வராத வரைக்கும் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தானே.

தம்பி அக்கா வீட்டோடுதான் இருந்தான். போக வேறு இடமும் இல்லை. அவனுக்கு 'மார்க்கு' என்று பேர். எறும்பு, தேனீ, குளவி என்று எது கிடைத்தாலும் முழங்கையில் விட்டுக் கொட்டவிட்டு, அதைப் படம் பிடித்து நெட்டில் போட்டு ஊருக்குக் காட்டி, வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவான். அந்தப் பட்டியல் பிரிட்ஜ் கதவில் தொங்கியது. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் அக்காவின் ஆறு வயது மகள் வாண்டு, கலர் பென்சிலால் பூச்சிப் படம் போட்டிருந்தாள். மாமன் என்றால் அவளுக்கு உயிர்.

"கட்டெறும்பு மூணு," என்று சாப்பாட்டு மேஜையில் ஆரம்பிப்பான். "இஸ்திரிப் பெட்டி லேசா பட்ட மாதிரி. தேனீ நாலு. குளவி ஆறு. கதவிடுக்குல விரல் மாட்டி, அந்தக் கதவுல நாலு தடியனுங்க சாஞ்ச மாதிரி. பூரான் ஏழு. அது கடிக்கறப்பவிட அப்புறம்தான் ஜோரு. வீங்கி, கொப்புளம் வந்து, உள்ள மஞ்சளா..."

"டேய்! வாயை மூடுறியா, தட்டை எடுத்து தலையில போடட்டுமா?" என்பாள் அக்கா.

"தேள் ஒம்போது," என்று வாண்டு கத்துவாள். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். "பத்து யாரு மாமா?"

"பத்து இன்னும் காலிடா செல்லம். கடலுக்கடியில கல்லு மாதிரியே ஒரு மீன் கிடக்குமாம். மிதிச்சா, காலை வெட்டி எறிஞ்சிடுங்கன்னு கெஞ்சுவாங்களாம். அதுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

அக்கா எழுந்து போய்க் கை கழுவுவாள். பூச்சிகூடப் பரவாயில்லை, அது ஐந்தறிவு. இவன் முழங்கை வீங்கி நீர் வடிவதை ஒரு கூட்டம் டீ குடித்துக்கொண்டே பார்க்கிறதே, 'அடுத்து கண்ணிமையில விடுங்க அண்ணா' என்று எழுதிக் கேட்கிறதே, அதை நினைத்தால்தான் அவளுக்குக் குமட்டும். "வலியை வித்துப் பொழைக்கற ஜென்மம்" என்று தம்பியைத் திட்டுவாள். அவன் சிரித்துக்கொண்டே தோளில் சாய வருவான். "ஒட்டாதடா, நாத்தம்" என்று தள்ளிவிடுவாள்.

அக்காவின் புருஷன் டெய்லர். முன் அறையில் தையல் மிஷின், பின் அறையில் குடும்பம். வாய் அதிகம் பேசாத மனிதர். இரண்டு வாரத்துக்கு முன்னால் மச்சான் ஒரு குளவியைப் பாட்டிலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அது தப்பித்து, துணி மூட்டைக்குள் புகுந்து பெரிய ரகளை ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் பேசினார்.

"மச்சான், ஒரே வார்த்தை. இனிமே ஒரு பூச்சி இந்த வாசப்படி தாண்டி உள்ள வந்துச்சு, அதுகூடவே நீயும் வெளிய போயிடணும்."

"சரி அத்தான்" என்றான் மார்க்கு. அதோடு எதையும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை.

இனி நடந்த கதையைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது.

அன்று மத்தியானம் அக்கா தீனி போட்டுக்கொண்டு வந்தாள். அவள் தீனி போடுவது ஒரு கண்கொள்ளாக் காட்சி. இடது கையால் மூடியை ஒரு விரற்கடை தூக்கி, முகத்தை வலது பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கரப்பானை உள்ளே போடுவாள். முப்பத்தொன்றாம் டப்பாவுக்கு வந்தபோது இடுக்கியிலிருந்த கரப்பான் வழுக்கியது. டப்பாவுக்குள் விழவில்லை. அவள் கோட்டுக் கைக்குள் புகுந்து, முழங்கையைத் தாண்டி, அக்குளை நோக்கி ஓடியது.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையில் மேடமே எழுந்து நின்றுவிட்டார். ஆறு காலும் முள். ஒவ்வொரு முள்ளும் தோலில் பதிந்து பதிந்து ஏறியது அவளுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. கோட்டைப் பிய்த்து எறிந்தாள். அது தேள் டப்பாக்கள் இருந்த அலமாரியின் மேல், திறந்து கிடந்த முப்பத்தொன்றின் வாயிலேயே போய் விழுந்தது. கரப்பான் எங்கேயோ ஓடிற்று. அவள் குழாயடிக்கு ஓடினாள். தோள் சிவக்கச் சிவக்க, கால் மணி நேரம் சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

திரும்பி வந்து கோட்டை இரண்டு விரல் நுனியால் தூக்கினாள். டப்பாவை மூடினாள். உள்ளே பார்க்கவில்லை.

கோட்டுகளை லேபிலேயே ஒரு பொதுத் தொட்டியில் துவைப்பார்கள். அடுத்தவர் வியர்வையோடு தன் கோட்டும் ஊறுவது அவளுக்குப் பிடிக்காது. மேடத்திடம் நச்சரித்து, ஊதா விளக்கில் காட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி வாங்கியிருந்தாள். அன்றைக்கும் விளக்கை அடித்துப் பார்த்தாள். உதறிப் பார்த்திருக்கலாம். உதறினால் அந்தக் கரப்பான் ஏதும் முகத்தில் வந்து விழுந்தால்? ஒன்றும் மின்னவில்லை. பிளாஸ்டிக் பையில் திணித்து இறுக்கிக் கட்டினாள். சாயங்காலம் அறுபது டப்பாவும் பச்சையாக மின்னின. முப்பத்தொன்றும் மின்னியது. டிக்.

வீட்டில் பையைக் குளியலறைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. காலையில் வாண்டுவுக்கு மேடம் வேஷம் போட ஆசை வந்தது. வெள்ளைக் கோட்டு எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பையின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, கோட்டை உருவி, வேறென்ன இருக்கிறது என்று பைக்குள் கை விட்டாள்.

அந்தச் சத்தத்தை அக்கா இனி ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். அது அழுகையே இல்லை. மூச்சு உள்ளே போய், வெளியே வர வழி தெரியாமல் வந்த ஒரு கீச்சு. ஓடிப் போய்ப் பார்த்தால், குழந்தை வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றபடியே உதறிக்கொண்டிருந்தது. ஈரத் தரையில், வாலை வளைத்துக்கொண்டு ஒரு தேள்.

மார்க்கு ஒரு டம்ளரை அதன் மேல் கவிழ்த்தான். கவிழ்த்துவிட்டுக் குனிந்து பார்த்தான். தேள் சிவப்பாக இல்லை, வெளிறிப்போய், வேகவைத்த மாவு நிறத்தில் இருந்தது. அதையே பார்த்தான். கொக்கியில் தொங்கிய பையையும், கீழே கிடந்த கோட்டையும் பார்த்தான். பிறகு அக்காவை ஒரு தடவை பார்த்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஆட்டோவிலேயே வாண்டுவுக்கு வியர்க்க ஆரம்பித்தது. சொட்டச் சொட்ட, தலைமுடியெல்லாம் நனைந்து, ஆனால் கை கால் மட்டும் ஜில்லென்று. வாயோரம் எச்சில் வழிந்தது. வாந்தி வந்தது. அக்கா இரண்டு கையையும் குவித்து ஏந்தினாள். காலையில் குடித்த பாலும் கோழையும் விரலிடுக்கில் ஒழுகிப் புடவையில் இறங்கியது. இன்னொரு தடவை, அதையும் ஏந்தினாள்.

ஆஸ்பத்திரியில் படுக்கை, ஊசி, வயர், டிக் டிக் என்று அடிக்கும் ஒரு பெட்டி. நர்ஸ் குனிந்து, "கண்ணு, எவ்வளவு வலிக்குது? பத்துக்கு எத்தனைன்னு எங்கிட்ட சொல்லு பார்ப்போம்" என்று கேட்டாள். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

வாண்டு தலையைத் திருப்பி மாமனைத் தேடினாள். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"பத்து மாமா. பத்து எழுதிக்கோ."

மார்க்கு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. எத்தனை கொட்டு வாங்கியும் சிரித்தபடி படம் பிடித்தவன், தாளமுடியாமல் சட்டை நுனியை வாயில் திணித்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் வந்து பார்த்தார். "சின்ன உடம்பு, விஷம் இதயத்தைத்தான் முதல்ல தொடும். மருந்து ஏறிட்டிருக்கு. மத்தியானம் தாண்டட்டும், அப்புறம் சொல்றேன்" என்றார். எல்லோரையும் வராந்தாவுக்கு அனுப்பினார்கள். கண்ணாடிக் கதவு வழியே குழந்தையின் பாதம் மட்டும் தெரிந்தது.

டெய்லர் அதுவரை பொறுத்திருந்தார். மச்சானின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"பத்துக்கு ஆள் கிடைச்சாச்சா? உன் பட்டியலை ரொப்ப என் பொண்ணுதான் கிடைச்சாளா? படிச்சுப் படிச்சு சொன்னேனேடா!"

"அத்தான், குழந்தை சரியாகட்டும். நான் போயிடறேன்."

"அப்போ நீதான் கொண்டுவந்தே?"

மார்க்கு தலையைக் குனிந்துகொண்டான். அக்காவும் அவன்மேல்தான் எரிந்துகொண்டிருந்தாள். கோட்டை விளக்கில் காட்டியாயிற்று, அறுபது டப்பாவும் மின்னியாயிற்று, இவனைத் தவிர வேறு யார் கொண்டுவந்திருப்பார்கள்? இந்த நாய் திருந்தவே திருந்தாதா? வேலை வாங்கித் தருகிறேன் என்று அந்த நாற்றத்துக்குள் என்னைத் தள்ளினவன், இப்போது என் வீட்டுக்குள்ளேயே நஞ்சைக் கொண்டுவந்து வைத்தானே! அவன் மூச்சுக் காற்று படுவதுகூட அருவருப்பாக இருந்தது. பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போது மார்க்குவின் போன் அடித்தது. மேடம்.

"ஸ்பீக்கர்ல போடு," என்றார் டெய்லர். "நீ பண்ணின காரியத்தை நானும் கேக்கறேன்."

மேடம் மூச்சு விடாமல் பேசினார். "குழந்தை எப்படி இருக்கு? நீ தகவல் சொன்னதும் ஓடிப்போய் எல்லா டப்பாவும் பார்த்தேன். முப்பத்தொண்ணுல இருக்கறது தேள் இல்லப்பா, வெறும் சட்டை. நேத்து உரிச்சிருக்கு. தோல் மட்டும் அப்படியே கிடக்கு, முழுத்தேள் மாதிரி. உரிச்ச சட்டை விளக்குல மின்னும். சட்டை உரிச்ச தேள் இறுகற வரைக்கும், ஒரு நாளைக்கு, மின்னவே மின்னாது. அதுக்குத்தானே முதல் நாள்லேர்ந்து கத்தறேன், தொட்டு எண்ணுங்க, தொட்டு எண்ணுங்கன்னு? ஒரு தட்டு தட்டியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். நேத்து எண்ணினது யாரு? அக்காவா, நீயா?"

கோட்டு டப்பாவின் வாயில் விழுந்தது. விளக்கை அடித்தது. உதறாமல் திணித்தது. எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக, டிரம்மிலிருந்து கரப்பான் ஏறி வருகிற மாதிரி அக்காவுக்குள் ஏறி வந்தது.

"நான்தான் மேடம்," என்றான் மார்க்கு. "அக்கா நேத்து சீக்கிரம் கிளம்பிட்டா. நான்தான் எண்ணினேன். சோம்பேறித்தனம், தொடல. அப்புறம் நான்தான்... எப்படியோ என் பையில வந்திருக்கு."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்த வெளிறின தேளைப் பார்த்த நிமிஷமே இவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அக்கா தொடமாட்டாள் என்பது இவனைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்துதான் காலரைப் பிடித்தபோதும் வாய் திறக்காமல் நின்றிருக்கிறான்.

புரிந்த அதே நொடியில் அவள் நெஞ்சுக்குள் ஒரு குரல் 'அப்பாடா' என்றது.

மெல்லிய குரல்தான். ஆனால் அவள் கேட்டுவிட்டாள். உள்ளே குழந்தை உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, கூடப் பிறந்தவன் வீட்டையும் வேலையையும் இழந்து நிற்க, தனக்குத் தப்பித்தது என்று ஒரு அப்பாடா. ஆறு டிரம் கரப்பானையும் மொண்டு வாயில் கொட்டினாலும் அவளுக்கு அப்படிக் குமட்டியிருக்காது. சீ. எத்தனை சோப்புப் போட்டு எதைக் கழுவியிருக்கிறேன் இத்தனை நாள்?

போனை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். அப்போதுதான் கவனித்தாள், விரலெல்லாம் வாந்தி காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஆட்டோவில் ஏந்தியது முதல் கை கழுவத் தோன்றவே இல்லை.

"மேடம், நான்தான் எண்ணினேன். நேத்து மட்டும் இல்ல. மூணு வருஷமா ஒரு நாளும் தொட்டதில்ல. தூர நின்னு டிக் போட்டேன். கோட்டை அந்த டப்பா மேல எறிஞ்சது நான், உதறாம வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததும் நான். அவன் மேல தப்பே இல்ல."

"அக்கா, சும்மா இரு," என்றான் மார்க்கு.

"நீ சும்மா இருடா."

போனில் மேடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. டெய்லர் மச்சானின் காலரிலிருந்து கையை எடுத்தார். கசங்கின இடத்தைத் தொழில் பழக்கத்தில் ஒரு தடவை நீவிவிட்டார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. மூக்கோரம் சுருங்கி, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அந்தப் பார்வை யாருடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தினம் காலையில் டிரம் மூடியைத் திறக்கும்போது அவள் முகத்தில் இருப்பது அதுதான்.

மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு நர்ஸ் கதவைத் திறந்தாள். "பொண்ணு தப்பிச்சிட்டா. தண்ணி கேக்கறா, ஒவ்வொருத்தரா வாங்க."

ஒவ்வொருத்தராவது! மூன்று பேரும் உள்ளே போனார்கள். வாண்டு கண்ணைச் சொருகிக்கொண்டு கிடந்தாள். கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. நெற்றியில் ஈர முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கிவிட அக்கா கையை நீட்டினாள்.

"நீ தொடாதே," என்றார் டெய்லர்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மார்க்கு தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றான். பெட்டி டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்று மகளைப் பார்த்தாள்.